பால் வற்றக் கட்டிய பூ

என் கையில் மூக்கு நீண்ட எவர்சில்வர் சங்கு. எங்கள் பக்கம் பச்சைக் குழந்தைக்கு மருந்தும் பாலும் புகட்டுவது அதில்தான். சங்கு நிறையப் பால். மீனாவின் மார்புக்குச் சற்று மேலே அதைச் சாய்த்துப் பிடித்திருந்தேன். ஒரு சொட்டு விழ வேண்டும். அது தோலில் வழிந்து காம்புக்கு வந்து, குழந்தை சப்பும் நேரத்தில் அதன் வாய்க்குள் போக வேண்டும்.

என் வேலை அவ்வளவுதான். சொட்டு பெரிதானால் குழந்தைக்குப் புரையேறும். நின்றுபோனால் அது வாயை எடுத்துவிடும்.

"ஊத்துறீங்களா மதினி?"

"ஊத்துறேன்."

"மெதுவா."

"மெதுவாத்தான் மீனா."

முற்பகல் வெயில் சன்னல் கம்பிகளை அவள் முழங்காலில் கோடுகளாக வரைந்திருந்தது. ஆரப்பாளையம் பேருந்து நிலையம் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். "தேனி, தேனி, தேனி" என்று ஒருவர் மூச்சுவிடாமல் கூவிக்கொண்டிருந்தார். குழந்தை இரண்டு முறை சப்பியது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, உடம்பை வில்லாக வளைத்துக் கத்தியது. பால் மீனாவின் விலாவில் வழிந்து பாயை நனைத்தது.

சமையலறையிலிருந்து மீனாவின் அம்மா, என் அத்தை, குரல் கொடுத்தார்.

"அதுதான் வேணாம் வேணாம்னு கத்திச் சொல்லுதுல்ல. படிச்சவுகளுக்குக் காதுல விழலையாக்கும்."

மீனா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். அவள் கண்கள் வறண்டிருந்தன. அவள் கணவன், என் தம்பி, இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான்.

ஒரு பத்திச் செய்தி

இந்தத் தொடரில் இதுவரை நாளிதழ் அலுவலகத்தில் என் மேஜைக்கு வந்த செய்திகளைப் பற்றி எழுதினேன். இது வீட்டுக்கு வந்தது. ஆனாலும் மேஜை வழியாகத்தான் வந்தது.

விபத்துச் செய்திக்கு ஒரு அச்சு உண்டு. இடம், வாகனம், பெயர், வயது, ஊர். கடைசி வரி எப்போதும் போலீஸ் விசாரணை. 'வாலிபர் பலி' என்று தலைப்பு வைத்தால் ஒரு பத்திக்குள் அடங்கிவிடும். எத்தனை வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அன்று மாலை மேலூர் நிருபர் அனுப்பிய செய்தியைத் திறந்த சக ஊழியர், தன் திரையை என் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

என் தம்பி கண்ணன் மேலூரில் ஒருவரைப் பார்த்துவிட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தான். நான்குவழிச் சாலையில் லாரி. அதற்கு மேல் அந்தச் செய்தியிலும் இல்லை, இதிலும் வேண்டாம்.

எங்களுக்குப் பெற்றோர் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு கண்ணன் உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் மாமியார் ஊரிலேயே தங்கிவிட்டான். "வீட்டோட மாப்ள" என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். "சோறு நல்லாருக்கு மாப்ள, நீயும் வந்து சேரு" என்பான். அந்த வீட்டிலேயே பாடை கட்டினார்கள். பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

பூ

சாவு வீட்டுக் காற்று பச்சை உடம்புக்கு ஆகாது என்று குழந்தையை முதலில் அதே தெருவில் இருந்த சித்தி வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். ஒரு பொழுதுக்கு என்றுதான் சொன்னார்கள்.

அன்று மீனா அழுத அழுகையை எழுத என்னிடம் சொற்கள் இல்லை. இருந்தாலும் எழுத மாட்டேன். பொழுது சாயும் நேரத்தில் அவள் ரவிக்கை முன்பக்கம் நனைந்துவிட்டது. பிள்ளையைக் கொண்டு வாருங்கள் என்றாள். அத்தை மறுத்தார்.

"இம்புட்டு அழுதுட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கப் போறியா? அழுத பாலு வெசம்டி."

கருமாதி முடியட்டும், பதினாறாம் நாள் பிள்ளையைத் தூக்கலாம் என்று முடிவானது. கூடியிருந்த பெண்களில் ஒருவரும் அதை எதிர்த்துப் பேசவில்லை. அவர்களுக்கு அது தெரிந்த விஷயமாக இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. தாய்ப்பாலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வருடாவருடம் தாய்ப்பால் வாரத்துக்கு நான் திருத்திக் கொடுத்த செய்திகள். யார் தலைமை, யார் முன்னிலை, யார் நன்றி கூறினார் என்று அதில் இருக்கும். பிள்ளையைக் குடிக்க வைப்பது எப்படி என்று ஒரு வரி இருக்காது.

மறுநாளே மீனாவுக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. காய்ச்சல். கையை அசைத்தால் பல்லைக் கடித்தாள்.

அதற்கடுத்த நாள் அவள் படுத்திருந்த உள்ளறைக்குப் போனேன். மல்லிகை வாசம் அடித்தது. சாவு வீட்டில் பூவாசம் புதிதில்லை. ஆனால் மாலைகள் எல்லாம் பிணத்தோடு போய்விட்டிருந்தன. மீனாவின் தலையிலும் பூ இல்லை. வாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். போர்வை விலகிய இடத்தில் தெரிந்தது. அவள் மார்பைச் சுற்றி வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். துணி ஓரத்தில் கசங்கிப் பழுத்த மல்லிகை மொட்டுகள் பிதுங்கிக்கொண்டிருந்தன.

பால் வற்றுவதற்கு அப்படிக் கட்டுவது வழக்கம் என்றார்கள். பிள்ளை இறந்து பிறந்தவளுக்குக் கட்டுவார்கள். பால்குடியை மறக்கடிக்க வேண்டியவளுக்குக் கட்டுவார்கள். வலி அடங்கும். பாலும் அடங்கிவிடும். அத்தை தானே உசிலம்பட்டிக்குப் பேருந்து ஏறிப் போய் மொட்டாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். மகள் வலியில் துடிப்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

பதினாறாம் நாள் கணவனை இழந்த பெண்ணுக்கு என்னென்ன செய்வார்கள் என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கடைசியாக ஒருமுறை தலை நிறையப் பூ வைத்து, அதை எடுப்பார்கள். வைத்த மல்லிகையின் வாசம் பட்டதும் மீனா ஒரு கையால் மார்பைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்கள். குழந்தை அவள் மார்பில் முகம் பட்டதும் வீறிட்டுத் திரும்பியது. பதினைந்து நாள் சித்தி வீட்டில் ரப்பர் காம்பில் பவுடர் பால் குடித்திருந்தது. மீனாவிடமும் கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

விலைய வண்டிக்கிட்ட வந்து கேளுங்க

இங்கே கண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாவை மட்டும் சொல்லிவிட்டு விட்டால் அவன் ஒரு பத்திச் செய்தியாகவே இருந்துவிடுவான்.

அவன் லோடு ஆட்டோவில் வெங்காயம் விற்றான். உசிலம்பட்டியில் தொடங்கி மதுரைத் தெருக்கள் வரை வருவான். ஆளுக்கொரு ஒலிபெருக்கி வைத்துக் கூவுகிற காலம் வந்தபோது, அவன் காசு கொடுத்து வேறு குரலைப் பதிய மறுத்துவிட்டான். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, கைப்பேசியை மேஜையில் வைத்து, தானே பேசிப் பதிந்தான்.

"அம்மா வாங்க, அக்கா வாங்க. பல்லாரி வெங்காயம், சின்ன வெங்காயம். உரிச்சாலும் கண்ணுல தண்ணி வராது, விலையக் கேட்டாலும் கண்ணுல தண்ணி வராது. விலைய வண்டிக்கிட்ட வந்து கேளுங்க."

"கண்ணுல தண்ணி வராதுங்கறது பொய்டா" என்றேன்.

"அக்கா, அழுதுட்டு நாளைக்கும் என்கிட்டதான் வாங்குவாக. நீங்க பேப்பர்ல போடுறது மட்டும் அம்புட்டும் உண்மையா?"

பதியத் தொடங்கிய உடனே அடுப்பில் என் குக்கர் நீளமாக ஒரு விசில் அடித்திருந்தது. பதிவில் "அக்கா வாங்க" என்பதற்கு அடுத்து அது தெளிவாக விழுந்துவிட்டது. மறுபடி பதியச் சொன்னேன். கேட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இருக்கட்டும்க்கா. சமையக்கட்டுல நிக்கிற பொம்பளைக்குச் சட்டுனு காதுல ஏறும்."

அவன் சொன்னது சரி. அந்தப் பதிவோடு இரண்டு வருடம் மதுரையைச் சுற்றி வந்தான். அவன் இறந்த பிறகு வண்டியை அவன் கூட்டாளி சரவணன் ஓட்ட எடுத்துக்கொண்டான்.

கேட்டா வரும்

கருமாதிக்கு அடுத்த வாரம் நான் மீனாவையும் குழந்தையையும் ஆரப்பாளையத்துக்குக் கூட்டிவந்தேன். தாலி இறங்கியவள் இத்தனை சீக்கிரம் வாசல் தாண்டுவதா என்று ஊரில் பேச்சு எழுந்தது. அத்தைக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் குழந்தை மெலிந்து, தொடைத் தோல் மடிப்பு விழத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு அவரும் எங்களோடு பேருந்து ஏறிவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையை எடைபோட்டார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பவுடரை எப்படிக் கரைத்தீர்கள் என்று கேட்டார்.

"பவுடரு சூடு, பிள்ளைக்கு ஆகாதுன்னு தண்ணியக் கூட ஊத்தித்தான் கொடுத்தோம்" என்றார் அத்தை, கவனமாக இருந்தோம் என்று சொல்லும் குரலில்.

டாக்டர் கோபப்படவில்லை. டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்றார். அடுத்த வாரம் எடை ஏறாவிட்டால் படுக்கையில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டு, எங்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த சிஸ்டர் மேலூர்க்காரர். வாய் கொஞ்சம் நீளம்.

"ஏம்மா, வத்திப்போச்சுன்னு யாரு சொன்னது? இதென்ன போர் கெணறா? பிள்ளை சப்பச் சப்ப ஊறுறது. நீங்க கேக்கிறத நிறுத்திட்டீங்க, அது வரத நிறுத்திருச்சு. திரும்பக் கேளுங்க, வரும். கொஞ்சமா வரும், மெதுவா வரும். அவசரப்பட்டா ஆகாது."

பாட்டிலைத் தூக்கிப்போடச் சொன்னார். சங்கில் புகட்டச் சொன்னார். குழந்தையைத் துணியில்லாமல் தாயின் வெறும் மார்பில் போட்டே வைத்திருக்க வேண்டும். பசித்துக் கத்தும் முன்பே, பாதித் தூக்கத்தில் இருக்கும்போதே வாயில் வைக்க வேண்டும். சப்பினால் ஏதோ கிடைக்கிறது என்று அதற்குப் புரியும்படி மேலே இருந்து இன்னொருவர் சொட்டுச் சொட்டாகப் பவுடர் பாலை விட வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்று என்னைப் பார்த்தார்.

"கை நடுங்குமா உங்களுக்கு?"

"நடுங்காது."

"எந்நேரமும் மாரையே பாக்காதீங்க. பிள்ளையோட துணியப் பாருங்க. நல்லா நனைக்குதா, மூத்திரம் தண்ணி மாதிரி போகுதா, எடை ஏறுதா. அப்புறம் சத்தத்தக் கேளுங்க. சப்புறது வேற, முழுங்குறது வேற. முழுங்குனா தொண்டையில 'க்'குனு கேக்கும். அது கேட்டா எனக்கு ஒரு கிலோ மிச்சர் வாங்கிட்டு வாங்க."

அதுவரை வாயே திறக்காத மீனா, மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டவள் சொல்வதுபோல் சொன்னாள்.

"நான் அழுகிறதே இல்ல சிஸ்டர். ஒரு சொட்டுக்கூட அழுகல."

சிஸ்டரின் முகம் மாறியது. "யாரு அழுகக் கூடாதுன்னது?"

"நாந்தான்" என்றார் அத்தை.

"அழுதா பாலு கெடாதும்மா. நெஞ்ச இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் ஊறுனதும் இறங்காது. விடுங்க, அழுகட்டும்."

அத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அத்தை சொன்னது

திரும்பும்போது பேருந்தில் மீனாவுக்கு முன்னால் இடம் கிடைத்தது. அத்தையும் நானும் பின்னால். பேருந்து சிம்மக்கல் தாண்டியது. அத்தை சன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"மீனாவுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான், தாயி. உங்க தம்பிக்குக்கூடத் தெரியாது."

அவருடைய அண்ணன் இறந்தபோது அந்தப் பையன் கைக்குழந்தை. தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். நெஞ்சிலடித்து அழுதுவிட்டு, அழுத வாக்கிலேயே பிள்ளைக்குப் பால் கொடுத்திருக்கிறார். அன்றே வயிற்றுப்போக்கு. உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் கண் செருகிவிட்டது.

"பாலுலதான் போயிருச்சுன்னு சொன்னாக. எங்க ஆத்தாவே சொன்னாக. நான் கொடுத்த பாலு."

அந்தத் துக்க வீட்டில் குழந்தைக்கு வேறு ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டேன். கேள்வி கேட்பது என் தொழில் பழக்கம்.

"சீனித்தண்ணி கொடுத்தாக. நான் மயங்கிக் கெடந்தப்ப யாரோ தொட்டித் தண்ணியில கரைச்சு..."

நிறுத்திவிட்டார். நடத்துநர் வந்து எங்களைத் தாண்டிப் போனார். அத்தை தன் உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.   ஆரப்பாளையத்தில் இறங்கும்போது குழந்தையை மீனாவிடமிருந்து வாங்கி, தன் தோளில் போட்டுக்கொண்டார்.

சங்கு

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். செய்தி எழுதிய கைக்கு அதுதான் வரும். பால் முழுதாகத் திரும்பவில்லை. கடைசிவரை கொஞ்சம் பவுடரும் தேவைப்பட்டது. குழந்தை தேறியது. இப்போது அரைஞாணைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடுகிறது. அப்பாவின் முகம் அதற்குப் படத்தில்தான் தெரியும்.

நான் சொல்ல வந்தது இடையில் ஒரு நாளைப் பற்றி. முதலில் எழுதினேனே, குழந்தை முகம் திருப்பிக் கத்திய அந்த நாள். அடுத்த எடைக்கு நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது மறுநாள். தொட்டில் துணி காலையிலிருந்து சரியாக நனையவில்லை. மீனா அதை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

"இன்னொருக்கா வச்சுப் பாப்போம் மதினி."

குழந்தை கத்தி ஓய்ந்து கண் சொருகத் தொடங்கியிருந்தது. மீனா சுவரில் சாய்ந்து அதை மார்பில் போட்டாள். நான் சங்கை நிறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தை வாயைத் திறந்து பிடித்தது. நான் விட்ட முதல் சொட்டுக்கு மெதுவாகச் சப்பியது. சப்பியது மட்டும்தான்.

தெருமுனையில் ஏதோ ஒலிபெருக்கி கேட்டது. முதலில் சொற்கள் பிடிபடவில்லை. பழைய பேப்பர்க்காரர், உப்பு வண்டி, கோலமாவு என்று அந்தத் தெருவுக்கு நாள் முழுக்க யாராவது வருவார்கள். அப்போது ஒரு குக்கர் விசில் அடித்தது.

என் அடுப்பில் குக்கர் இல்லை.

"...பல்லாரி வெங்காயம், சின்ன வெங்காயம். உரிச்சாலும் கண்ணுல தண்ணி வராது, விலையக் கேட்டாலும் கண்ணுல தண்ணி வராது..."

சரவணன் அந்தப் பதிவை மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது.

மீனா நிமிர்ந்தாள். வண்டி நெருங்கி வந்தது. கண்ணனின் குரல் சன்னல் வழியாக அறைக்குள் முழுதாக வந்து நின்றது. அம்மா வாங்க என்றது. அக்கா வாங்க என்றது. மறுபடி என் குக்கர் விசில் அடித்தது. மீனாவின் கீழுதடு கோணியது. அதை அடக்கப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு விட்டுவிட்டாள்.

சத்தமே வரவில்லை முதலில். கண்ணீர் மட்டும் முகவாயில் சேர்ந்து குழந்தையின் தலையில் விழுந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம்தான் குரல். "என்னங்க" என்றாள். அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அத்தை சமையலறையிலிருந்து ஓடிவந்தார். மகளையும், மகளின் கண்ணீரையும், அதன் கீழே இருந்த குழந்தையையும் பார்த்தார். குழந்தையைப் பிடுங்கி எடுக்க இரண்டு கையையும் நீட்டிவிட்டார்.

நீட்டிய கை பாதியில் நின்றது.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். வண்டி எங்கள் வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. விலைய வண்டிக்கிட்ட வந்து கேளுங்க என்று அவன் கடைசி வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குரல் தேயத் தேய, அறைக்குள் இன்னொரு சத்தம் தெரிந்தது. க். கொஞ்சம் இடைவெளி. க்.

"முழுங்குது, தாயி" என்றார் அத்தை.

அப்படியே தரையில் உட்கார்ந்தார். மகளின் காலைப் பிடித்துக்கொண்டார். "அழுகட்டும், விடு" என்றார், நான் ஒன்றும் தடுக்காதபோதும். பிறகு அவரும் அழத் தொடங்கினார். என் தம்பிக்காக மட்டும் அழுதார் என்று நான் நினைக்கவில்லை.

எனக்கு என் வேலை நினைவுக்கு வந்தது. சொட்டு நின்றால் குழந்தை வாயை எடுத்துவிடும். குனிந்து என் கையைப் பார்த்தேன். கண்ணனின் குரல் கேட்டதிலிருந்து நான் சங்கைச் சாய்க்கவே இல்லை. விளிம்புவரை பால் அப்படியே இருந்தது.